நூலும் கோலும்: தமிழகத்தில் மனை வகுப்போர் வரலாறு

முன்னுரை

மனை கட்டத் தொடங்கும் ஒருவன் முதற்கண் நாட வேண்டியவர் யார்? இவ்வினாவிற்கு இக்காலத்தார் கூறும் விடைகள் பல. கொத்தனார் என்பர் சிலர். மேஸ்திரி என்பர் சிலர். இஞ்சினீயர் என்பர் வேறு சிலர். கட்டடக் கலைஞர் என விடை கூறுவோர் மிகச் சிலரே. இவ்வேறுபாடு சொல் வேறுபாடு மட்டுமன்று. வீட்டுக்கு உரியவன் பொருள் கொடுத்துப் பெறுவது கைத்தொழிலையா, அறிவையா, கையொப்பத்தையா என்னும் பெரிய ஐயம் இதனுள் அடங்கியுள்ளது.

கைத்தொழிலாளரினின்றும் வேறாக, மனையை எண்ணி வகுத்துக் கொடுக்கும் அறிஞன் ஒருவனை நாடிப் பணிகொள்ளும் வழக்கம் மேனாட்டாரிடமிருந்து அண்மைக் காலத்தில் வந்தது எனக் கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதனையும், அவ்வறிஞனின் பணி தமிழகத்தில் எவ்வாறு தோன்றி, எவ்வாறு வளர்ந்து, எக்காலத்தில் பிளவுபட்டது என்பதனையும் இலக்கியம், கல்வெட்டு, வழக்காறு ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு ஒரு சொல்லே வழிகாட்டியாக அமைகின்றது. அது ‘நூல்’ என்னும் சொல். பஞ்சினின்றும் திரிக்கப்படும் இழைக்கும் அதுவே பெயர். புலவர் இயற்றும் ஏட்டிற்கும் அதுவே பெயர். மரத்தின் கோணலைத் தச்சனது நூல் காட்டித் தீர்ப்பது போல மக்கள் மனத்தின் கோணலைக் கற்றோர் நூல் தீர்க்கும் என்னும் கருத்தினைப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்துள் அமைத்துள்ளார். உவமையாக எடுக்கப்பட்டது தச்சனது நூல் என்பது நோக்கத்தக்கது. இன்றும் கட்டட வேலை நடைபெறும் இடங்களில் ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு கூற்றினை ‘ஒரு நூல்’ என்றே வழங்குகின்றனர். ஏட்டு நூலும் இழை நூலும் ஒருவனிடத்தே கூடியிருந்த காலமும் உண்டு. பிரிந்த காலமும் உண்டு. அக்கூட்டமும் பிரிவுமே மனை வகுப்போர் வரலாறு எனலாம்.

சங்க இலக்கியச் சான்றுகள்

பண்டை நாளில் எல்லா வீடுகளும் அறிஞர் வகுக்க எழுந்தன அல்ல. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரது பெரும்பாணாற்றுப்படை, பாணன் செல்லும் வழியிலுள்ள குடியிருப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகின்றது. எயினர் குரம்பை ஈந்தின் இலையால் வேயப்பட்டது. முல்லை நிலத்தார் வீடு வரகுத் தாளால் வேயப்பட்டது. அவ்வந் நிலத்தில் விளைந்ததே அவ்வவ் வீட்டின் கூரையாயிற்று. இவ்வீடுகளை வகுத்தவர் அவற்றுள் வாழ்ந்தவரே. இவற்றிற்கு வேறோர் அறிஞன் வேண்டப்படவில்லை. தந்தையிடம் மகன் கற்ற வழக்கமே அவற்றிற்கு நூலாயிருந்தது.

கூரை வீட்டினின்றும் மாடத்திற்கு மாறும்பொழுதுதான் வகுப்போன் வேண்டப்படுகின்றான். இதற்குத் தலையாய சான்று நக்கீரரது நெடுநல்வாடை. பாண்டியன் தேவி வைகிய அரண்மனை எழுந்த முறையினை அப்பாட்டுக் கூறுகின்றது. சித்திரைத் திங்களில், ஞாயிறு உச்சியில் நிற்க, நட்ட கோல்களின் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில், நூல்களை அறிந்த புலவர் கயிற்றை இட்டுத் திசைகளைக் குறித்து, அத்திசைக்குரிய தெய்வங்களை நோக்கி, அரசர்க்கேற்ற மனையினை வகுத்தனர் என்பது அப்பகுதியின் கருத்து. இதற்கு நச்சினார்க்கினியர் விரிவான உரை கண்டுள்ளார்.

இச்செய்தி வெறும் புனைவு அன்று. வெப்ப மண்டலத்தில் ஞாயிறு உச்சிக்கு நேரே வரும் நாள் ஆண்டுக்கு இருமுறை வாய்க்கும். சென்னையை அடுத்த பகுதிகளில் அந்நாள் ஏப்பிரல் இறுதி வாரத்திலும் ஆகஸ்டுத் திங்கள் நடுவிற்குச் சற்றுப் பின்னரும் வருகின்றது. ஏப்பிரல் இறுதி என்பது சித்திரைத் திங்களேயாதல் காண்க. வானியல் அறிவு, அளவை அறிவு, நில அறிவு மூன்றும் ஒருங்கே அமைந்தவர்க்கன்றி அவ்வேலை இயலாது.

இப்பாட்டில் மற்றொரு நுட்பமும் உண்டு. மனையை வகுத்தவர் நூலறிந்த புலவர். ஆனால், அவ்வரண்மனை வாயிலின் இரட்டைக் கதவினை இடைவெளி தோன்றாதபடி இறுகப் பொருத்தியவனைக் கூறுமிடத்து, கைத்தொழிலில் வல்ல கம்மியன் என்று புலவர் வேறாகக் குறிக்கின்றார். நூல் வல்லாரும் கை வல்லாரும் ஒரே கட்டடத்தில் ஒரே பாட்டில் இருவேறு பெயரால் சுட்டப்பெறுகின்றனர். வகுப்போர் வேறு, செய்வோர் வேறு என்னும் பாகுபாடு மேனாட்டார் வருகைக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே தமிழர்க்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

‘அஃது அரண்மனை, குடிமக்கள் வீட்டிற்கு அது சான்றாகாது’ என்று தடை எழுப்பலாம். தடை ஏற்கத்தக்கதே. எனினும், இங்குக் கொள்ள வேண்டுவது வீட்டின் அளவு அன்று, பணியின் தன்மையே. நூலறிந்தவர் தம் இருக்கையிலிருந்து ஏட்டினை எழுதி அனுப்பினார் எனப் புலவர் கூறவில்லை. அவர் கட்டுமிடத்திற்கு வந்தார், கோலை நட்டார், கயிற்றை நிலத்தில் இட்டார். ஏட்டு நூலினை இழை நூலாக மண்ணின்மேல் விரித்தார். இதுவே மனை வகுப்போனின் முதற்பணி.

காப்பியங்களில் கோலும் அளவும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அமைப்பினைக் கூறுகின்றது. மலைச்சாரலில் ஓங்கி வளர்ந்த மூங்கிலிற் கொண்ட கோலே அளவுகோல். அதன் நீளம் 24 பெருவிரல். அக்கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, உயரம் 1, மேடைக்கும் மேலிட்ட உத்தரத்திற்கும் இடைவெளி 4, வாயில்கள் இரண்டு. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு அமைத்தனர் என்பதும் கூறப்படுகின்றது.

வடமொழிச் சிற்ப நூல்கள் 24 அங்குலம் கொண்ட முழத்தினைக் ‘கிட்கு’ என வழங்கும். எண்ணிக்கை ஒத்திருத்தல் காண்க. இளங்கோவடிகள் காலத்தில் கட்டடம் கட்டுவோர்க்கு வரையறுத்த கோல் இருந்தது. அக்கோலின்வழி எல்லா உறுப்பும் ஒன்றற்கொன்று ஏற்ப அமைந்தன. விளக்கின் நிழல்பற்றிய குறிப்பு இன்னும் சிறப்புடையது. அங்கு ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் எது வேண்டும் என்பதனை முன்னரே எண்ணிப் பார்த்த ஒருவன் அவ்வரங்கினை வகுத்திருத்தல் வேண்டும். சுவர் எழுப்புதல் கொத்தனது கடன். சுவர் எழுவதற்கு முன்னரே நிழல் எங்கு விழும் எனக் காண்டல் வகுப்போனது கடன்.

மணிமேகலையின் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை, அரசன் பூம்பொழிலில் இருந்த மண்டபத்தினைத் தமிழகத்து வினைஞரோடு மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாட்டு வினைஞரும் கூடிச் செய்ததாகக் கூறுகின்றது. பல நாட்டார் கூடிச் செய்யும் வேலை ஒரு வடிவாக முடிய வேண்டுமாயின், அவர் அனைவரையும் ஒரு நூலின்கீழ் நிறுத்துவோன் ஒருவன் இருந்தே தீர்தல் வேண்டும்.

சிற்ப நூல்கள் கூறும் நால்வர்

அவ்வாறு நிறுத்துவோனைப் பற்றி மயமதம் தெளிவாகக் கூறுகின்றது. தென்னாட்டிற் பெரிதும் வழங்கிய அந்நூல் கட்டடப் பணியாளரை நால்வராக வகுக்கும். தபதி, சூத்திரகிராகி, தட்சகன், வர்த்தகி என்போர் அவர். மனை முழுவதனையும் எண்ணி வகுப்போன் தபதி. நூலினையும் கோலினையும் ஏந்தி அளவிடுவோன் சூத்திரகிராகி. அவன் தபதியின் மகனாகவோ மாணாக்கனாகவோ இருத்தல் வேண்டும். மரமும் கல்லும் வெட்டுவோன் தட்சகன். வெட்டியவற்றை இணைத்து நிறுத்துவோன் வர்த்தகி.

‘சூத்திரகிராகி’ என்பதனைத் தமிழிற் கூறின் ‘நூல் பிடிப்போன்’ என்றாகும். வடமொழியிலும் ‘சூத்திரம்’ இழைக்கும் ஏட்டு விதிக்கும் பொதுப்பெயரே. நூல் பிடிப்போன் தபதியின் மகனாகவோ மாணாக்கனாகவோ இருத்தல் வேண்டும் என்ற விதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையில் அயலான் புகுதல் கூடாது என்பதே அதன் உட்கருத்தாகும். தபதியின் கருத்து நூல்வழி நிலத்திற்கு இறங்கும்பொழுது திரிபு நேருமாயின், பின்னர் எத்துணை வல்ல கொத்தன் வரினும் அதனைத் திருத்தல் அரிது.

இப்பெயர் ஏட்டில் மட்டும் வாழ்ந்ததன்று. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் தேவி உலோகமாதேவி, கி.பி. 740 அளவில் பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலின் கல்வெட்டு, சர்வசித்தி ஆசாரி என்பவரைத் தென்றிசைச் சூத்திரதாரி எனப் புகழ்கின்றது. மனை, மாளிகை, ஊர்தி, இருக்கை, படுக்கை ஆகியவற்றை அமைப்பதில் வல்லவர் என்பது அவர் பெற்ற புகழுரை. கோயில் வகுத்த அறிஞனே மக்கள் அமரும் இருக்கையினையும் உறங்கும் கட்டிலையும் எண்ணினான் என்பது இதனாற் பெறப்படும்.

கல்வெட்டுகளிற் பெருந்தச்சன்

தமிழ்க் கல்வெட்டுகளில் இவ்வறிஞன் ‘பெருந்தச்சன்’ எனப்படுகின்றான். தச்சு என்பது இன்று மரவேலைக்கே பெயராய்ச் சுருங்கியது. சோழர் காலத்தில் அது கட்டடத்தொழில் முழுமைக்கும் உரியதாயிருந்தது. கி.பி. 1010 இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரைப் பொறித்துள்ளது. அவனோடு வேறு இரு பெருந்தச்சரும் குறிக்கப்பெறுகின்றனர். அரசன் பெயரையே பட்டமாகப் பெற்றவன் அவன் என்பது அவன் பெற்ற மதிப்பினைக் காட்டும்.

அவன் பெயர் வருமிடமும் கருதத்தக்கது. கோயிற் பணியாளர்க்கு ஆண்டுதோறும் நெற்பங்கு வகுக்கும் கல்வெட்டு அது; பங்கு ஒன்று 100 கலம் நெல். இராசராசனின் 29 ஆம் ஆட்சியாண்டில், அதாவது கோயிற் கலசம் ஏறிய பின்னர், அது பொறிக்கப்பட்டது. எனவே கட்டடம் முடிந்த அன்றே பெருந்தச்சனது தொடர்பு முடியவில்லை. கட்டடத்தின் வாழ்நாள் முழுவதும் அதனைக் காக்கும் பொறுப்பு அவனுக்கு இருந்தது எனக் கொள்ளுதல் தகும்.

கி.பி. 1118 அளவில் இராசாசிரயச் சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் பழைய நூல்களை ஆய்ந்து, இரதகாரர் எனப்படும் கம்மாளர்க்குரிய தொழில்கள் இவை என வரையறுத்தனர். கட்டடம் வகுத்தல், தேர் செய்தல், கோபுரமும் மண்டபமும் எடுத்தல், மாளிகை அமைத்தல் முதலியன அவற்றுள் அடங்கும். நூலோர் அவையில் ஆய்ந்து முடிவு செய்யுமளவிற்கு இத்தொழிலுரிமை பெரிதாக மதிக்கப்பட்டது.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதனை மறைத்தல் வரலாறு ஆகாது. கொங்கு நாட்டுக் கம்மாளர்க்குக் கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் தாங்கிய மன்னன் வழங்கிய உரிமைகளைக் கருவூர்க் கல்வெட்டுக் கூறுகின்றது. நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே செல்லும்போது செருப்பு அணியவும், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் அவர்க்கு இசைவளிக்கப்பட்டது. பிறர்க்கு மாடமாளிகை எடுத்துக் கொடுத்தவர் தம் சுவருக்குச் சுண்ணச் சாந்து பூச அரசனது ஆணை வேண்டியிருந்தது. சோழர் செப்பேடுகள் பலவற்றில் சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளும் உரிமை, தானம் பெற்றோர்க்குத் தனியே எழுதிக் கொடுக்கப்படுகின்றது. செங்கல் வீடு செல்வத்தின் அடையாளமாக மட்டுமன்றி உரிமையின் அடையாளமாகவும் இருந்தது. ஆகவே, வகுப்போனை நாடும் தகுதி அக்காலத்தில் மிகச் சிலர்க்கே இருந்தது. நூலறிவு உயர்ந்து நின்றது உண்மை; அது குடிமக்கள் அனைவர்க்கும் எட்டியதாக இல்லை என்பதும் உண்மை.

தாளேறிய நூல்

ஐரோப்பியர் வருகைக்குப்பின் இந்நிலை மாறத் தொடங்கிற்று. மாற்றத்தைச் சொற்களே காட்டுகின்றன. தலைமைத் தொழிலாளி ‘மேஸ்திரி’ ஆனான். இஃது ஆசிரியன், தலைவன் எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. கட்டடப் பழுதுபார்ப்பு ‘மராமத்து’ ஆயிற்று. இஃது அரபுச் சொல். பின்னர் ‘இஞ்சினீயர்’, ‘காண்டிராக்டர்’, ‘பிளான்’ என்பன ஆங்கிலத்தினின்றும் வந்தன. தபதி, பெருந்தச்சன் என்னும் பெயர்கள் கோயிற்பணியளவில் ஒதுங்கின.

ஏட்டு நூலும் கைத்தொழிலும் பிரிந்து கிடந்த நிலையை முதன்முதலில் உணர்ந்து எழுதியவர் தஞ்சையிற் பிறந்து பெங்களூரில் நீதிபதியாய் விளங்கிய இராம்ராஸ். சிற்ப நூல்களைப் பற்றிய அவரது ஆங்கில ஆராய்ச்சி, அவர் மறைவிற்குப் பின்னர் 1834 இல் இலண்டனில் வெளிவந்தது. வடமொழி வல்லார்க்கு அந்நூல்களின் தொழிற்சொற்கள் விளங்கவில்லை. தொழில் வல்லார்க்கு ஏட்டின் மொழி விளங்கவில்லை. இவ்விடர்ப்பாட்டினைக் கடக்கக் கம்மாளர் ஒருவரின் துணையை அவர் நாடினார். நெடுநல்வாடையில் ஒரு முற்றத்தில் நின்ற நூல் வல்லாரும் கை வல்லாரும் அவர் காலத்தில் ஒருவர் மொழியை ஒருவர் அறியாராய் நின்றனர்.

அரசாங்கக் கட்டடங்களில் புதிய முறை வேரூன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்துச் செனட் மண்டபம் 1874 முதல் 1879 வரை இராபர்ட் சிசோம் என்பவரது வரைபடத்தின்படி எழுந்தது. 1892 இல் திறக்கப்பெற்ற சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் வரைபடம் பிராசிங்டனுடையது. அதனைத் திருத்தி முடித்தவர் என்றி இர்வினும் சுடீபன்சும். கட்டும் ஒப்பந்தம் ஏற்றவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். வரைந்தவர் வேறு, மேற்பார்த்தவர் வேறு, ஒப்பந்தம் ஏற்றவர் வேறு, கல் அடுக்கியவர் வேறு. இவர்களை இணைத்தது தாளில் எழுதிய வரைபடமும் எழுத்தில் அமைந்த ஒப்பந்தமும் ஆகும்.

இம்முறையாற் பயனில்லை எனல் கூடாது. வரைபடத்தால் செலவு முன்னரே கணிக்கப்பட்டது; கட்டும் முன்னரே பிழை காண வழி பிறந்தது; ஒருவர் இறப்பினும் மற்றொருவர் வேலையைத் தொடர முடிந்தது. ஆனால், பெருங்கட்டடத்திற்கு ஏற்ற இம்முறை சிறு வீட்டிற்கு வரும்பொழுது அதன் ஒரு கூறு மட்டுமே வந்தது. தாள் வந்தது, தாளை நிலத்தோடு பொருத்திப் பார்க்கும் மேற்பார்வை வரவில்லை.

இதே காலத்தில் மனையடி சாத்திரம் அச்சேறி ஊர்தோறும் பரவியது. 6 அடி முதலாக ஒவ்வோர் அளவிற்கும் நற்பயன் தீப்பயன் கூறும் அட்டவணை வீட்டுக்குரியவன் கையிலேயே கிடைத்தது. நூல் அனைவர்க்கும் எளிதாயிற்று என மகிழலாம். ஆயினும் அறிஞனிடத்திருந்து பிரித்தெடுத்த விதி விதியாகவே நின்றது. அறையின் நீள அகலத்தைக் கண்டு அஞ்சும் வீட்டுக்குரியவன், அவ்வறைக்குக் காற்று எப்பக்கம் வரும், மழைநீர் எவ்வழி ஓடும் என்பவற்றை வினவ மறந்தான்.

விடுதலைக்குப்பின் 1957 இல் தமிழகத்தில் இரு கல்விநிலையங்கள் தோன்றின. கிண்டியில் பொறியியற் கல்லூரியைச் சார்ந்து கட்டடக் கலைத்துறை தொடங்கப்பெற்றது. மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இது பின்னர் அரசினர் கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. 2000 ஆம் ஆண்டு முதல் நாளில் குமரிமுனையில் திறக்கப்பெற்ற 133 அடி வள்ளுவர் சிலையை வகுத்த கணபதி தபதி அக்கல்லூரியின் முதல்வராய் இருந்தவர். ஓர் அறிவிற்கு ஒரே ஆண்டில் இரு பள்ளிகள் எழுந்தன என்பது மகிழ்ச்சிக்குரியது. தாள் ஒருவர் கையிலும் கோல் மற்றொருவர் கையிலுமாக அவை தனித்தனியே வளர்ந்தன என்பது எண்ணற்குரியது.

சட்டமும் சொல்லும்

இந்தியப் பாராளுமன்றம் 1972 இல் கட்டடக் கலைஞர் சட்டத்தினை இயற்றிற்று. உரிய கல்வி பெற்றுக் கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவரன்றிப் பிறர் அப்பெயரைத் தம் தொழிற்பெயராகப் பயன்படுத்துதல் குற்றமாயிற்று. ஆனால், வீடு வகுக்கும் தொழிலையே பிறர் செய்தல் கூடாது என அச்சட்டம் தடுக்கின்றதா என்னும் வழக்கில், 2020 மார்ச்சுத் திங்களில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் காப்பது பெயரை. தொழிலை அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சொல்லாராய்ச்சியாளர்க்கு இது வியப்பூட்டும் நிலை. ஒரு சொல்லுக்குச் சட்டக்காவல் உண்டு. அச்சொல் குறிக்கும் வினைக்கு அக்காவல் இல்லை. சிறிய வீடு கட்டுவோர் பலர் பொறியாளரையும் படம் வரைவோரையும் நாடிப் பணி முடிப்பதற்குச் சட்டம் தடையாக நிற்கவில்லை. கட்டடக்கலை மன்றம் வகுத்த பணி நெறிகளில், வரைபடம் தருதலோடு, வேலை நடைபெறுமிடத்திற்கு அவ்வப்போது சென்று காண்டலும் கலைஞரின் கடமையாகக் கூறப்பட்டுள்ளது. பழைய தபதியின் கடமை புதிய நெறியிலும் அழியவில்லை என்பது இதனால் விளங்கும்.

தமிழக அரசு 2019 இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளை வெளியிட்டது. 2024 சூலைத் திங்களில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் தாமே சான்றளித்து இணையவழி இசைவு பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. காலத்தாழ்வும் அலைச்சலும் குறைந்தன. நடுத்தரக் குடும்பத்தார்க்கு இது பெருநன்மை. எனினும், சான்றளிக்கும் பொறுப்பு வீட்டுக்குரியவன் தோளில் ஏறியுள்ளது. தாளில் உள்ளதற்கும் தரையில் எழுவதற்கும் வேறுபாடு உண்டா என அவன் அறிந்திருத்தல் வேண்டும். அதனை அவனுக்கு அறிவிப்பவர் யார் என்னும் பழைய வினா மீண்டும் எழுகின்றது.

பெரியபாளையத்திற் கண்டது

ஆரணியாற்றங்கரையில் பவானியம்மன் கோயிலால் புகழ்பெற்ற பெரியபாளையம், பண்டைத் தொண்டை நாட்டின் பகுதி. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கியது. இளந்திரையன் நாட்டில் ஈந்திலை வேய்ந்த குரம்பைகள் இருந்தன எனக் கண்டோம். இன்று அந்நாட்டில் செங்கற் சூளைகள் பல. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை முதலியவற்றிற் பணிபுரிவோர் சுற்றூர்களில் மனை வாங்கி வீடு கட்டுகின்றனர். சுட்ட செங்கல்லுக்குச் செப்பேட்டு ஆணை வேண்டிய காலம் போயிற்று. இஃது உண்மையான வளர்ச்சி.

இக்கட்டுரையாளனும் அப்பகுதியில் 40 அடி அகலமும் 60 அடி நீளமும் உடையதெனப் பத்திரத்திற் கூறப்பட்ட மனை ஒன்றில் வீடு கட்டத் தொடங்கினான். 2,400 சதுர அடி கொண்ட அதனைச் சென்னை வழக்கில் ‘ஒரு மனை’ என்பர். வரைபடம் ஒன்று விலைக்குப் பெறப்பட்டது. வரைந்தவர் பத்திரத்தைப் பார்த்தார், மனையைப் பார்க்கவில்லை. பார்க்குமாறு இக்கட்டுரையாளனும் வேண்டவில்லை. கடைக்கால் பறிக்க நூல் கட்டிய நாளில், மேஸ்திரி மூலைவிட்டங்கள் இரண்டினையும் அளந்தார், அவை ஒத்துவரவில்லை. மனையின் பின்பக்க அகலம் 38½ அடியே இருந்தது. தாளில் நேராயிருந்த மாடிப்படி, தரையில் எல்லைக்கு வெளியே சென்றது.

அப்பொழுது அவர் வினவியது இது: “ஐயா, நூல் ஒண்ணு சொல்லுது, பிளான் ஒண்ணு சொல்லுது. நான் எதைக் கேக்கறது?”

அவ்வினாவிற்கு விடை கூறவல்லார் எவரும் அங்கு இல்லை. இக்கட்டுரையாளனுக்கு நெடுநல்வாடை தெரியும். ஆயினும், படியை எப்பக்கம் திருப்பினால் அடுக்களையின் ஒளி கெடாது என்பது தெரியாது. மேஸ்திரிக்குச் சுவரை வழுவின்றி எழுப்பத் தெரியும். எந்தச் சுவரைத் தள்ளலாம், எதனைத் தள்ளலாகாது எனத் துணிந்துரைக்கும் பொறுப்பு அவருடையதன்று. ஒரு வாரம் வேலை நின்றது, ஆட்கூலி வீணாயிற்று. பின்னர் வேறொரு கட்டடக் கலைஞர் நேரில் வந்து, மேஸ்திரியோடு நின்று நூலை மாற்றிக் கட்டி, அதன்பின்னரே தாளைத் திருத்தினார். அவர் முதலில் தொட்டது நூலை. பின்னர்த் தொட்டது தாளை. மயமதம் கூறும் முறை அதுவாகவே இருத்தல் அன்றுதான் விளங்கிற்று.

இந்நிகழ்ச்சியில் மேஸ்திரியின் அறிவும் போற்றற்குரியது. மூலைமட்டம், இரசமட்டம், தூக்குக்குண்டு ஆகியவற்றோடு அவர் பிடித்த நூலே பிழையை வெளிப்படுத்தியது. அவர் சூத்திரகிராகியின் வழியினர். அவர்க்கு மேலே தபதி இல்லாமையே குறை. அவரிடத்துக் குறை இல்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மனை வகுக்கும் அறிஞனை நாடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. சங்க காலத்திலேயே நூல் வல்லாரும் கை வல்லாரும் வேறறியப்பட்டனர். அவ்வறிஞன் கடமை மூன்று: இடத்தை நேரிற் காண்டல், வாழ்வோர்க்கேற்ப அளவினை வகுத்தல், வகுத்தது வழுவாமல் எழுகின்றதா என இறுதிவரை காத்தல். பழங்காலத்தில் இம்மூன்றும் ஒருவர் பொறுப்பில் இருந்தன. ஆனால் மிகச் சிலர்க்கே கிட்டின. இக்காலத்தில் வீடு கட்டும் உரிமை பலர்க்கும் வந்துள்ளது. ஆனால் அம்மூன்றனுள் இடையிலுள்ள ஒன்றன் நிழலாகிய தாள் மட்டுமே பலர்க்குக் கிட்டுகின்றது.

ஆகவே, வீடு கட்டுவோன் ஒருவரை அமர்த்துமுன் வினவ வேண்டுவது, ‘வரைபடத்திற்கு எவ்வளவு?’ என்பதன்று. ‘மனையை நேரிற் காண்பீரா? நூல் கட்டும் நாளில் உடன் நிற்பீரா? வேலை முடியும் வரை எத்தனை முறை வருவீர்?’ என்பனவே. இவற்றிற்கு ‘ஆம்’ எனக் கூறி அதனை எழுத்திலும் தருபவரே தபதியின் பணியைச் செய்பவர். பட்டமும் பதிவும் வேண்டற்பாலனவே. அவற்றோடு இவ்வுறுதியும் வேண்டும்.

தமிழாராய்ச்சியாளர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. மேஸ்திரிமார், கொத்தர், தச்சர் ஆகியோர் நாவில் வழங்கும் தொழிற்சொற்கள் முறையாகத் தொகுக்கப்பட்டுச் சிற்ப நூற்சொற்களோடும் கல்வெட்டுச் சொற்களோடும் ஒப்பிட்டு ஆராயப்படல் வேண்டும். இராம்ராஸ் ஒரு கம்மாளரின் அருகிலிருந்து தொடங்கிய வேலை அது. ஏட்டு நூலும் இழை நூலும் மீண்டும் ஒன்று கூறும் நாளில், அம்மேஸ்திரியின் வினாவிற்கு விடை கிடைக்கும்.